மறுமொழி: அக்காட அஸ்தி ஊருக்குக் கொண்டு போறது, பித்தளைச் செம்பு வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில எரிச்ச அக்காட அஸ்தியை மட்டக்களப்புக்குக் கொண்டு போக, பித்தளைச் செம்பில சங்கத்துப் பேர் வெட்டிக் குடுக்கோணும் எண்டு சங்கத் தலைவர் எழுதியிருக்கார். அவர்ட மனசு விளங்குது. ஆனா உலோகச் செம்பு விமானத்துக்குச் சரிவராது. உள்ள என்ன இருக்கெண்டு ஸ்கானில தெரியாது. தெரியாட்டி ஏத்த மாட்டாங்க. அமெரிக்காவில நாம கேட்டாலும் சோதனைக்காரர் திறந்து பாக்க மாட்டாங்க, அப்படியே திருப்பி விடுவாங்க.

எரிச்ச இடத்தில தாற பிளாஸ்டிக் பெட்டியே போதும். உள்ள தடிச்ச பை, வாய் கட்டியிருக்கும். அதோட இலக்கம் அடிச்ச சின்ன வில்லை ஒண்டும் கிடக்கும். அத ஒருத்தரும் கழட்டப்படாது. தகனச் சான்றிதழில உள்ள இலக்கத்தோட ஒத்துப்போகுதா எண்டு பெட்டி எடுக்கிற இடத்திலயே கேட்டுப் பாருங்க.

2, 3 கிலோதான் வரும், கையில கொண்டு போங்க. சூட்கேசில வச்சு, விமானம் மாறுற இடத்தில அது தவறினா 31ஆம் நாள் சடங்குக்கு முன்னம் வந்து சேராது. சில எயார்லைனுக்குத் தனிச் சட்டம் இருக்கு. டிக்கெட் போட முதல் எழுத்தில கேட்டு, பதிலைப் பிரின்ற் எடுத்து வைங்க. இலங்கைத் தூதரகத்திலயும் என்ன கடிதம் வேணும் எண்டு இப்பவே கேளுங்க.

மரணச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் ரெண்டும் மூலப்பிரதி, அக்காட பாஸ்போட் கொப்பி. நம்மட ஆக்களுக்குத் தலையிடி பேர்தான்: பாஸ்போட்டில தகப்பன் பேர், சான்றிதழில புருசன் பேர். மரணத்தைப் பதியிறபோதே ரெண்டையும் பக்கத்தில வச்சு எழுத்தெழுத்தாப் பாருங்க. லண்டன் தங்கச்சிக்குப் பங்கு வேணுமெண்டா வீட்டில பிரிக்க வேண்டாம். எரிச்ச இடத்திலயே ரெண்டு பெட்டியாக் கேட்டு, ரெண்டுக்கும் கடதாசி வாங்குங்க.

மறுகா, அமெரிக்காவில எலும்பை மெசினில அரைச்சுத்தான் தாறாங்க, குறுணிமணல் போல இருக்கும். எலும்பு பொறுக்கிற சடங்குக்கு ஒண்டும் இராது. ஐயரிட்ட முன்னமே சொல்லிப்போடுங்க. மண்பானை மட்டக்களப்பில வாங்கலாம். மார்கழியில கல்லடிக் கடல் எல்லாத்தையும் கரைக்கே திருப்பி அடிக்கும். வாவிப் பக்கம் தோணி பிடிச்சு, காத்துக்கு முதுகு காட்டி, பானையத் தண்ணிக்குள்ள தாழ்த்திக் கரையுங்க. மேலால கொட்டினா முகத்திலதான் வந்து விழும்.

வடக்கு வளவுத் தம்பி

---

தம்பி எழுதினது முழுக்கச் சரி. பொருளாளரா நான் கேக்கிறது ஒண்டு. செம்புக்கெண்டு சேத்த காசு ஆரிட்ட இருக்கு? பெரிய வளவு மாமாட பிரேதத்தை அனுப்பக் கேட்டநேரம் சங்கத்தில காசில்லை எண்டு சொன்னீங்க. மாமிக்கு அது இண்டைக்கும் ஆறல்ல. அந்தக் காசைச் சான்றிதழுக்கும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து வான் வாடகைக்கும், தோணிக் கூலிக்கும் குடுங்க. மட்டக்களப்புக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் ஓட்டம், வாடகையை முன்னமே பேசி முடியுங்க. எல்லாத்துக்கும் றிசீற் எனக்கு வரோணும்.