சின்னவன் காதுகுத்து: குடும்பக் குழு

அக்கா: எல்லாரும் கொஞ்சம் இங்கே வாங்க. சின்னவனுக்கு வைகாசியிலேயே காது குத்திவிடணும். ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிகிறது, அப்புறம் தம்பி விசைப்படகில் ஏறிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.

மதுரை சித்தி: ஞாயிறா வை. மற்ற நாள் லீவு கிடைக்காது.

பெரியண்ணன்: சரி.

அக்கா: வலிக்காதுடா, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று நேற்று அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஆசாரி எதுக்கும்மா, எறும்பையே கூப்பிடு, அது காசு கேட்காது" என்கிறான்.

துபாய் அத்தான்: 😂😂😂

அம்மா: என் தங்கம்

பெரியப்பா: அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்த வயதில் சொன்னது சொன்னபடிதான், 'மாதிரி' எல்லாம் கிடையாது. போன வாரம் பாம்பன் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய பாலம் 1914-இல் திறந்தது, கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் எழும்பும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகும் என்று விளக்கிக்கொண்டே இருக்கிறேன், குறுக்கே வந்து கேட்கிறான், "தாத்தா, பாலம் மேல போயிருக்கும்போது ரயில் வந்தா, அதுக்கு நீச்சல் தெரியுமா?"

மதுரை சித்தி: 😂 சாப்பாடு கறியா மீனா?

தம்பி: இப்ப நாட்டுப்படகு மீன்தான் வரும். விலை எகிறும்.

பெரியண்ணன்: பரமக்குடியில் கிடாய்க்குச் சொல்லலாம்.

அம்மா: குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் என்னாச்சு?

பெரியண்ணன்: அதை அப்புறம் பேசலாம்மா.

அக்கா: இன்னொன்று கேளுங்க. கடலுக்கு ஏன் போகவில்லை என்று பெரியவள் கேட்டாள். மீன் முட்டை போடுகிற காலம், 61 நாள் விசைப்படகு போகக் கூடாது என்றேன். "மீனுக்கு 61 நாள் லீவா, எங்களுக்கு ஏன் அவ்வளவு இல்லை?" என்றாள். சின்னவன் உடனே, "அதுக்கு வீட்டுப்பாடம் உண்டா?"

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். யார் மடியில் உட்கார வைப்பது?

பெரியண்ணன்: மூத்த மாமன் மடிதானே.

தம்பி: பெரியவளுக்கும் அண்ணன் மடிதான். நான் கரை சேர்வதற்குள் காதும் குத்தி, பந்தியும் முடிந்துவிட்டது.

பெரியண்ணன்: நல்ல நேரம் தாண்டிவிடும் என்று அப்பா சொன்னதால்தான்டா.

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மதுரை சித்தி: நாளைக்கு எங்கள் தெருவில் மின்தடை, யாரும் பகலில் போன் பண்ணாதீங்க

அக்கா: இரண்டு பேரும் நிறுத்துங்க. நான் படித்துக்கொண்டிருந்தது சின்னவன் காதில் விழுந்துவிட்டது.

அக்கா: குரல் செய்தி 0:09

துபாய் அத்தான்: வேலையில் இருக்கிறேன், கேட்க முடியாது. என்ன சொல்கிறான்?

நான்: "எனக்கு ரெண்டு காது இருக்குல்ல, பெரிய மாமாவுக்கு ஒண்ணு, சின்ன மாமாவுக்கு ஒண்ணு. அத்தை அழக் கூடாது, அத்தைக்கு மூக்கு."

துபாய் அத்தான்: 😂 அடேய்

மதினி: மூக்கு எனக்கா! இந்த வயதில் இவ்வளவு வாய் ஆகாது, கண்டித்து வைங்க.

பெரியப்பா: வேண்டாம் மருமகளே. இப்போது வாயை அடைத்தால் நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருப்பான். நாம் இத்தனை பேர் இரண்டு வருஷமாகப் பேசாமல் விட்டதை அவன்தான் எடுத்துப் பேசியிருக்கிறான்.

தம்பி: எனக்கு இடது காது போதும்.

அம்மா: நடுவில் மடி மாற்றியதாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. பூசாரியைக் கேட்கணும்.

மதுரை சித்தி: ஞாயிறுதானே?

அக்கா: நாள் இன்னும் பார்க்கவில்லை சித்தி.

பெரியண்ணன்: தம்பி, நாளைக்குக் காலையில் வீட்டுக்கு வா.

தம்பி: கிடாய் பார்க்கவா?

பெரியண்ணன்: அதுக்கும்தான்.