பேட்டரி நிறைந்த பிறகு மிஞ்சும் சோலார் கரண்டில் வெந்நீர்: செய்யலாமா, கூடாதா?

தாண்டிக்குடி_காப்பி
காப்பித் தோட்டத்துக்குள் தனி வீடு. ஈபி லைன் வரவில்லை. கூரையில் 540 வாட் பேனல் 6 இருக்கிறது. 5 யூனிட் லித்தியம் பேட்டரி, 5 கேவிஏ இன்வெர்ட்டர். வெயில் நாளில் 11 மணிக்கே பேட்டரி நிறைந்துவிடுகிறது. அப்புறம் திரையைப் பார்த்தால் பேனலிலிருந்து 250 வாட்தான் வருகிறது, ஃப்ரிட்ஜும் மோடமும் எடுப்பது அவ்வளவுதான். மேலே அத்தனை வெயில் சும்மா போகிறது, கீழே அம்மா ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெந்நீர் வைக்கிறார். பார்க்கப் பொறுக்கவில்லை. 50 லிட்டர் கீசர் ஒன்று மாட்டி, மிச்சக் கரண்டை அதில் விடலாம் என்று இருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

குழாய்ச்சூடு
தம்பி, நோக்கம் நல்லது, வழி தப்பு. சூட்டுக்காகக் கரண்டை எரிப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலில் பேனல் எடுப்பது ஐந்தில் ஒரு பங்கு. கண்ணாடிக் குழாய் வைத்த வாட்டர் ஹீட்டர் பாதிக்கு மேல் எடுக்கும். வயர், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட், இன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம். 100 லிட்டர் டியூப் ஹீட்டரைக் கூரையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இதைவிட எளிய பொருளை நான் பார்த்ததில்லை.

தாண்டிக்குடி_காப்பி
அண்ணே, புதிதாகப் பேனல் வாங்கி வெந்நீர் போடுவதென்றால் உங்கள் கணக்குதான் சரி. இங்கே பேனல் ஏற்கெனவே கூரையில் இருக்கிறது. மழைக்காலத்துக்குப் போதவேண்டும் என்றுதான் 6 பேனல் போட்டேன், அதனால் வெயில் காலத்தில் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கா பாதியா என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? எங்கள் ஊற்றுத் தண்ணீர் சுமார் 18 டிகிரி. 50 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய இரண்டரை யூனிட் போதும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் ஐந்து பக்கெட் வரும். நாங்கள் நான்கு பேர்.

கோத்தகிரி_அக்கா
டியூப் ஹீட்டர் பற்றி என் அனுபவம். ஒரு நாள் விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தால் ஒரு குழாய் பாதியில் உடைந்து, டேங்கில் இருந்த அத்தனை வெந்நீரும் அந்த ஓட்டை வழியாக வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குரங்கு உட்கார்ந்திருந்தது. ஒரு குழாய் போனால் மொத்த டேங்கும் காலி. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. மாற்றுக் குழாய் மேட்டுப்பாளையத்திலிருந்து வர நான்கு நாள் ஆனது. பேனல் மேலும் குரங்கு குதிக்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

குழாய்ச்சூடு
குரங்குக்கு வலை போடலாம் அக்கா, கண்ணாடிக் குழாய் இல்லாத தட்டை கலெக்டர் வகையும் இருக்கிறது. நான் கேட்பது வேறு. வெந்நீர் உண்மையிலேயே தேவைப்படுவது எப்போது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மூடுபனி இறங்கி நாள் முழுக்க வெயில் முகமே காட்டாத நாள்கள். அன்று பேனலில் வருவது பேட்டரிக்கே காணாது, மிச்சம் எங்கே வரும்? வெயில் கொளுத்தும் சித்திரையில் தாராளமாக வெந்நீர், மார்கழியில் மறுபடியும் அம்மா விறகடுப்பில். இதற்கா கீசர்?

தாண்டிக்குடி_காப்பி
அந்தக் கேள்வி நியாயம்தான். மூடுபனி நாளில் விறகு எரியும், மறைக்கவில்லை. ஆனால் தை முதல் ஆனி வரை காலையில் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க முடியாத நாள்கள் இங்கே நிறைய. அத்தனை நாளுக்கும் விறகு மிச்சமானால் எனக்கு அது பெரிசு. இன்னொரு யோசனை: மூன்று பேனலைத் தனியாகப் பிரித்து நேராகக் கீசர் காயிலுக்கே கொடுத்துவிட்டால் இன்வெர்ட்டருக்கு வேலையே இல்லையே? வீடியோக்களில் காட்டுகிறார்கள்.

வயர்மேன்_தேனி
நிறுத்துங்க தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. என் மைத்துனர் தோட்டத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள். ஒரு மத்தியானம் கூப்பிட்டார்கள், போனேன். பாத்ரூம் கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. சேஃப்டி வால்விலிருந்து கொதிநீர் சீறுகிறது, கீழே இருந்த பிளாஸ்டிக் மக் வளைந்து கிடக்கிறது. பேனல் ஐசொலேட்டரை அணைத்து, ஆறவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு காண்டாக்டும் உருகி ஒன்றோடு ஒன்று பற்ற வைத்தது போல ஒட்டியிருந்தது. 60 டிகிரியில் அது திறக்கப் பார்த்திருக்கிறது, திறக்க முடியவில்லை.

காரணம் இதுதான். வீட்டு ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்துபோகும். காண்டாக்ட் பிரியும்போது கிளம்பும் பொறி அடுத்த பூஜ்யத்திலேயே அணைந்துவிடும். பேனலில் வருவது டிசி, அதில் பூஜ்யமே கிடையாது. பொறி கிளம்பினால் நின்று எரியும். கீசர் தெர்மோஸ்டாட்டில் 250 வோல்ட் ஏசி என்றுதான் அச்சடித்திருக்கும், டிசிக்கு அது ஆகாது. அன்று சேஃப்டி வால்வும் உப்பு அடைத்து வேலை செய்யாமல் இருந்திருந்தால் அந்த டேங்க் வெடித்திருக்கும். பக்கத்து அறையில் குழந்தைகள் இருந்தார்கள்.

ஓம்_விதி
பாதுகாப்பை விட்டாலும் கணக்கும் ஒத்து வராது. 2000 வாட் காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம், அது 230 வோல்ட்டுக்காகச் செய்தது. மூன்று பேனல் தொடரில் 120, 140 வோல்ட்தான் வரும். 1620 வாட் தரக்கூடிய பேனலிலிருந்து பாதிகூட இறங்காது. சரி, பேனலுக்குப் பொருந்துகிற காயிலே தேடிப் போட்டாலும், மேகம் வந்து வெயில் பாதியானால் கரண்ட் பாதியாகும். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கால் பங்குதான் கிடைக்கும். எம்பிபிடி, அதாவது வெயிலுக்குத் தக்கபடி பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை இழுக்கும் வசதி, இருக்கும் இன்வெர்ட்டர் அந்தப் பாதியைக் கிட்டத்தட்ட முழுசாக எடுத்துக் கொடுக்கும். அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதன் ஏசி பக்கத்திலேயே செய்யுங்கள்.

குழாய்ச்சூடு
பார்த்தீர்களா, இவ்வளவு பயமும் கணக்கும் ஐந்து பக்கெட் வெந்நீருக்கு. குழாயில் தண்ணீர் தானாக ஏறி இறங்கும், அதில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

வயர்மேன்_தேனி
அண்ணே, ஏசி பக்கம் ஒழுங்காகச் செய்தால் பயம் வேண்டியதில்லை. தம்பி, உங்கள் இன்வெர்ட்டரில் இரண்டாவது அவுட்புட் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி இத்தனை சதவீதம் வந்தால் ஆன், இத்தனைக்கு இறங்கினால் ஆஃப் என்று அமைக்கலாம். 2000 வாட் காயில் வேண்டாம், 1000 வாட் போடுங்கள். பெரிய காயில் ஓடும்போது மேகம் வந்தால் பத்தே நிமிடத்தில் உங்கள் பேட்டரியில் ஆறேழு சதவீதம் போய்விடும். சுவிட்ச் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். 1000 வாட் இரண்டரை மணி நேரத்தில் அதே வேலையை முடிக்கும், அவசரமே இல்லை.

அப்புறம் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச். ஈபி இல்லாத வீடுகளில் பலர் இதைக் கவனிப்பதில்லை. இன்வெர்ட்டர் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தால், காயில் ஓட்டையாகிக் கரண்ட் கசிந்தாலும் ஆர்சிசிபி விழாது. மேனுவலில் சொன்ன இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, டெஸ்ட் பட்டனை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம், கைகூப்பிக் கேட்கிறேன்.

கோத்தகிரி_அக்கா
காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தருமாம்.

ஓம்_விதி
தரும். ஆனால் கரண்டுக்குக் காசு கொடுக்கிறவருக்குத்தான் அதில் லாபம். இவருக்குக் கரண்ட் மிஞ்சுகிறது.
தாண்டிக்குடிக்காரரே, ஒரு விஷயம்: எவ்வளவு மிஞ்சுகிறது என்று இன்வெர்ட்டர் வாட்டில் காட்டாது, பேனல் வோல்ட்டேஜைப் பாருங்கள். உங்கள் 6 பேனலும் தொடரில் இருந்தால், முழு வேலையில் 245 பக்கம் நிற்கும். பேட்டரி நிறைந்து எடுப்பதற்கு ஆள் இல்லாமல் போனால் 280ஐத் தாண்டி ஏறும். அப்படி ஏறி நிற்கும் நேரம்தான் உங்கள் வெந்நீர் நேரம்.

தாண்டிக்குடி_காப்பி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 50 லிட்டர் கீசர், 1000 வாட் காயில். பேட்டரி 97 சதவீதத்தில் ஆன், 92ல் ஆஃப். ஊரிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து நியூட்ரல் எர்த் வேலையை முதலில் முடித்தோம். சொன்னது போலவே அது மிதந்துகொண்டுதான் இருந்தது. நன்றி அண்ணே.
வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு மணிக்குள் 60 டிகிரி வந்துவிடுகிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு 50 இருக்கிறது, நான்கு பக்கெட் தாராளம். 21 நாளில் 13 நாள் அடுப்பே எரியவில்லை. முதல் நாள் அம்மா குழாயைத் திறந்து கையை வைத்தவர் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

குழாய்ச்சூடு
சந்தோஷம் தம்பி, அம்மாவுக்காக மனசார. ஆனால் அந்த மீதி 8 நாளைத்தான் நான் சொன்னேன். மேகம் மூடினாலும் என் குழாய் கொஞ்சமாவது சூடேற்றியிருக்கும், உங்கள் கீசர் ஆன் ஆகியே இருக்காது. மார்கழி முடியும் வரை கணக்கு எழுதுங்கள், பார்ப்போம்.

தாண்டிக்குடி_காப்பி
எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம் அண்ணே. விறகு எரித்த நாளுக்கெல்லாம் அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழிக்காமல் மடித்து வைக்கிறார். பொங்கல் கழிந்து எண்ணிச் சொல்கிறேன்.