பூட்டிய வார்டில் தம்பி: சாவிச் சத்தம் கேட்டாலே உறைந்துபோகிறான்

அல்சூர் அக்கா:
தம்பிக்கு 26 வயது. மூன்று வாரமாக இங்கே பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பூட்டிய மனநல வார்டில் இருக்கிறான். எட்டாம் வகுப்பில் ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி அடித்திருக்கிறார்கள். அதுவே எங்களுக்குப் போன வருஷம்தான் தெரியும். வார்டில் சாவிக்கொத்து கிலுங்கினால் உடம்பு விறைத்துவிடுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ராத்திரி எட்டுக்கு ஷிப்ட் மாறும்போது தவறாமல் நடக்கிறது. உடனே ஊசி. அதற்கு முன்னால் செய்ய ஒன்றுமே இல்லையா? வாசனை அவனுக்கு இதமாக இருக்குமே என்று ஞாயிற்றுக்கிழமை சிட்டி மார்க்கெட்டில் மரிக்கொழுந்துச் சரம் வாங்கிப் போனேன். காரணம் சொல்லாமல் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

தெரபிஸ்ட் தங்கை:
அக்கா, தடை பூவுக்கு இல்லை, நூலுக்கு. கயிறு, நாடா, கண்ணாடி எதையும் உள்ளே விடமாட்டார்கள். உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துப் பாருங்கள். மற்ற புலன்களைப் போல் தாலமஸ் என்ற மூளையின் இடைநிலையம் வழியாகச் சுற்றாமல், வாசனை நேராகவே உணர்ச்சியும் நினைவும் உள்ள மூளைப்பகுதிக்குப் போய்விடும். அதனால்தான் பலன், அதனால்தான் வில்லங்கமும். உங்களுக்கு இதமான வாசனை அவருக்கு ஹாஸ்டலாக இருக்கலாம். அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

கனமான போர்வையும் கேட்டுப் பார்க்கலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள், 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. மூச்சுக் கோளாறு இருந்தால் வேண்டாம். அவர் நினைத்த நொடியில் தானே தள்ளிவிட முடியவேண்டும். இன்னொருவர் போர்த்தி அமுக்கினால் அது கட்டிப்போடுவதுதான். எதுவானாலும் நிம்மதியான பகல் வேளையில் பழகிவிட்டு, ராத்திரி ஏழே முக்காலுக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு எடுத்தால் லேட்.

நாற்பது நாள்:
உள்ளே இருந்தவன் சொல்கிறேன். உறைந்த மனதை இந்த நொடிக்குத் திருப்ப, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல், காதில் விழும் மூன்று சத்தத்தைச் சொல் என்பார்கள். சிலருக்குச் சரி, எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் கட்டியும் உப்பில் ஊறிய அரைநெல்லிக்காயும்தான் என்னைத் திரும்ப அறைக்குள் கொண்டுவந்தன. நெல்லிக்காயைக் கடித்ததும் பல் கூசும் பாருங்கள், அந்தக் கூச்சம். அதைவிட முக்கியம், சாவிச் சத்தத்தையே குறைக்க முடியுமா என்று கேளுங்கள். எனக்காக ஒரு நர்ஸ் கர்ச்சீப்பில் சாவியைச் சுற்றிக்கொண்டு, "நான்தான், கதவைத் திறக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

ராம்நாடு வக்கீல்:
எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001-இல் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று 2017 மனநலச் சட்டப்படி தனியறையில் அடைக்கவே கூடாது. தம்பி தெளிவாக இருக்கும்போது, தன்னை எப்படிக் கவனிக்க வேண்டும், எப்படிக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அதில் இடமுண்டு. சாவி விஷயத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

அல்சூர் அக்கா:
உதிரி மரிக்கொழுந்து உள்ளே போய்விட்டது. ஆனால் முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றான், ஆரஞ்சுத் தோல் கேட்டான்! சின்ன வயதில் அதை என் கண்ணில் பீய்ச்சி அடிப்பான். ஒரு நர்ஸ் சாவிக்குத் துணி சுற்ற ஒத்துக்கொண்டார். நேற்று அவர் ஷிப்ட்டில் ஊசி இல்லை. இன்னும் இரண்டு பேரிடம் பேச வேண்டும்.