சின்ன வெங்காயப் பொடி: ஆய்வகத்தில் சரி, எங்கள் ஆலையில் கட்டி தட்டுகிறது

வணக்கம். பெரம்பலூர் பக்கம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். ஒரு அரசு ஆய்வு நிறுவனத்திடம் சின்ன வெங்காயப் பொடித் தொழில்நுட்பத்துக்கு 2024-ல் உரிமம் வாங்கினோம். அவர்கள் செய்து காட்டியது 5 கிலோ டிரையரில் (உலர்த்தும் மெஷின்). எங்களுடையது தட்டுகளில் பரப்பி உலர்த்தும் 200 கிலோ டிரே டிரையர். அங்கேதான் சிக்கல்.

சூடு 60 டிகிரி. ஓரத் தட்டுகளில் துண்டு கருகிப் பழுப்பாகிறது. நடுத்தட்டில் விரலால் அமுக்கினால் இன்னும் ஈரம். அரைத்த பொடி இரண்டே வாரத்தில் பாக்கெட்டுக்குள் கல்லாகிறது. சூட்டைக் குறைத்தோம், மெல்லிசாக நறுக்கினோம், தட்டில் பரப்புவதைப் பாதியாக்கினோம், இடையிடையே தட்டுகளை மாற்றி வைத்தோம். ஈரம் குறைந்தது, வாசனை போய்விட்டது. சின்ன வெங்காயத்தில் அந்த வாசனைக்குத்தான் காசு.

பயிற்சியோடு பொறுப்பு முடிந்தது என்கிறது ஆய்வு நிறுவனம். மெஷின் விற்றவர் செய்முறையைக் குறை சொல்கிறார். வங்கி பெரிய அளவுச் சோதனை முடிவைக் கேட்கிறது. ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே உள்ள இந்தக் கட்டத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. உரிமம் கொடுக்கும்போதே இதற்கு ஆளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

தஞ்சாவூர் நிஃப்டெம் (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்), கோவை வேளாண் பல்கலைக்கழகம் இரண்டிலும் தொழில் ஊக்குவிப்பு மையம் உண்டு. அங்கே கட்டணம் கட்டி, 100 கிலோவுக்கு மேல் சரக்கு கொண்டுபோய்ச் சோதனை ஓட்டம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?