எருக்கம்பூவில் கை மகரந்தச் சேர்க்கை: காய் பிடிக்கவில்லை, உதவுங்கள்

எருக்கில் மகரந்தம் பொடியாக உதிராது. பூவின் நடுமேடையில் 5 மூலைகளிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி பளபளக்கும். அதன் பிளவில் மெல்லிய ஊசியைக் கொடுத்து மேலே இழுத்தால் 2 மஞ்சள் மகரந்தப் பைகள் ஜோடியாகத் தொங்கிக்கொண்டு வரும். தச்சுத்தேனீ காலில் மாட்டித் தூக்கிப் போவது இதைத்தான்.

எடுப்பது சுலபம். அந்தப் பையை இன்னொரு பூவில், புள்ளிக்குக் கீழே உள்ள செங்குத்துப் பிளவில் செருகுவதுதான் தகராறு. பை புறம் மாறிப் போனால் மகரந்தக் குழல் சூலகத்தைச் சேராது. வேறு செடியின் பையை, 10 மடங்கு லென்ஸ் வைத்துச் செருகியும் பூக்கள் காம்போடு உதிர்கின்றன.

பையின் வளைந்த விளிம்பு உள்நோக்கி இருக்க வேண்டுமா, வெளிநோக்கியா? மலர்ந்த எத்தனையாவது நாளில் செருகுவது? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பது தெரியும், கண்ணாடி போட்டுத்தான் செய்கிறோம்.