மதில் ஒண்டரை அடி தள்ளி வந்திட்டுது, மன்னிச்சா காணியையும் விடவேணுமோ?

வளவுக்காரன்:
வணக்கம், வேதாகமம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் ஒருக்கா சொல்லுங்கோ. நாங்கள் மானிப்பாய்ப் பக்கம். அப்பாவின்ர வளவு 4 பரப்பு (பரப்பு எண்டா 10 பேர்ச்), அண்ணைக்கு 2 எனக்கு 2 எண்டு உறுதி (காணிப் பத்திரம்), நடுவில கிளுவந்தடி நட்ட கதியால் வேலி, கிணறு ரெண்டு பேருக்கும் பங்கு. நான் 6 வருசம் கட்டாரில நிண்டிட்டு வந்து பாத்தா வேலி இருந்த இடத்தில அண்ணை மதில் கட்டியிருக்கிறார், அதுவும் என்ர பக்கம் ஒண்டரை அடி தள்ளி. என்ர பக்கம் நிண்ட பூவரசு இப்ப அவற்ற பக்கம் நிக்குது, வேற என்ன சாட்சி வேணும். கேட்டதுக்கு "நீ இருந்து பாத்தனியோ" எண்டார், அண்டையோட கதை விட்டாச்சு, 8 மாசம். கிணத்தடியில என்னைக் கண்டா வாளியை வைச்சிட்டுப் போயிடுவார். போதகர் மன்னிச்சு விடுங்கோ தம்பி எண்டுறார். சரி மன்னிக்கிறன், அதுக்காக காணியையும் விடுறதோ? போன மாசம் திருவிருந்து நேரம் எழும்பி வெளியால வந்திட்டன், அவர் முன் வாங்கில இருக்க எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது.

வட்டுக்கோட்டையான்:
மதில் 90 அடி நீளம் எண்டு வைச்சாலும் 135 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. அரைப் பேர்ச்சும் வராத துண்டுக்கு கூடப்பிறந்தவனோட 8 மாசமோ? ஆதியாகமம் 26 ல ஈசாக்கு தோண்டின கிணறு ரெண்டுக்குச் சண்டை வர ரெண்டையும் விட்டிட்டுத் தள்ளிப்போய் மூண்டாவதைத் தோண்டினவர். விட்டிடுங்கோ.

நொத்தாரிசு பேரன்:
ஈசாக்குக்குத் தள்ளிப்போக இடம் இருந்தது, 2 பரப்புக்காரன் எங்க போறது? எல்லைக்குறியை ஒற்றிப் போடுறவன் சபிக்கப்பட்டவன் எண்டு உபாகமம் 27:17 இருக்கு, அதில எத்தினை பேர்ச் எண்டு கணக்கில்லை. நியாயம் கேக்கிறது பாவமில்லை. ஆனா தம்பி பூவரசை சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ, கதியால் வேலி வருசா வருசம் அடைக்கேக்க ஒரு சாண் அங்கால இஞ்சால போறது ஊருக்கே தெரியும். உறுதியோட இருக்கிற படத்தை எடுத்து சேவையரை (நில அளவையாளரை) கொண்டு அளவுங்கோ. அதுக்குப் பிறகும் இழுபறி எண்டா மத்தியஸ்த சபை இருக்கு, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, அவை கோடு (நீதிமன்றம்) மாதிரி தீர்ப்புச் சொல்ல மாட்டினம், ரெண்டு பகுதியும் இணங்கினாத்தான் எழுதுவினம். 1 கொரிந்தியர் 6 ல பவுலும் சகோதரர் கோடேறுறதைத்தான் கண்டிக்கிறார், உங்களுக்குள்ள தீர்த்து வைக்க விவேகி ஒருத்தன்கூட இல்லையோ எண்டு தானே கேக்கிறார்.

கிணத்தடி அக்கா:
நான் சபையில குடும்பப் பிரச்சினையளோட வாற ஆக்களோட கன வருசமா இருந்து கதைக்கிறனான், எடுத்த உடன மன்னியுங்கோ எண்டு நான் சொல்லுறேல்லை. தம்பி, மத்தேயு 5:23 ஐ ஆறுதலா வாசியும். காணிக்கையோட வந்து நிக்கேக்க உமக்கு அண்ணையில குறை இருக்கெண்டு நினைவு வந்தா எண்டு அதில இல்லை, அண்ணைக்கு உம்மில குறை இருக்கெண்டு நினைவு வந்தா எண்டு தான் கிடக்கு. "நீ இருந்து பாத்தனியோ" எண்ட கதை மதிலைப் பற்றினது மாதிரி எனக்குப் படேல்லை. அப்பா எப்ப காலமானவர், ஆர் வைச்சுப் பாத்தது? 

பங்கைப் பிரிச்சுத் தரச்சொல்லி அண்ணனில முறைப்பாட்டோட வந்தவனுக்கு இயேசுவே நான் பங்கு பிரிக்கிற ஆள் இல்லை எண்டு சொல்லிப்போட்டார், லூக்கா 12. அளக்கிற வேலை சேவையருக்கு. நீர் தனியப் போம், மத்தேயு 18 லயும் சகோதரன்ர குற்றத்தை நீயும் அவனும் தனிச்சிருக்கையில சொல்லு எண்டு தான் இருக்கு. அம்மாவைத் தூது விடாதையும், அவ ரெண்டு பக்கத்துக்கும் உப்புப் புளி சேர்த்துத்தான் குடுப்பா. (அடி உதை நடக்கிற வீட்டில தனியப் போ எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன், இது அப்பிடியில்லை எண்டபடியா சொல்லுறன்.)

வளவுக்காரன்:
அக்கா உங்கட கேள்விக்கு ரெண்டு நாள் பதில் எழுத ஏலாமப் போட்டுது. அப்பா பாரிசவாதம் வந்து மூண்டு வருசம் படுக்கையில, நான் மாசம் மாசம் காசு அனுப்பினனான் தானே எண்டு இருந்திட்டன், செத்தவீட்டுக்கும் லீவு கிடைக்கேல்லை. நேற்றுப் பின்னேரம் படலையால போனன். அண்ணை வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டார், மோட்டரை நிப்பாட்டேல்லை. பேந்து அந்தச் சத்தத்துக்குள்ளயே "அப்பாவுக்கு ஆர் பம்பஸ் மாத்தினது எண்டு நீ ஒருநாளாவது கேட்டனியோ" எண்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை, சொல்ல என்ன இருக்கு. அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து கிணத்துக்கட்டில வைச்சா.

மதிலைப் பற்றி அவர்தான் போகேக்க எடுத்தவர், மேசன் நூல் பிடிச்ச இடத்தில கட்டினது, பிழையெண்டா அளப்பம் எண்டு. எனக்கு அதில முழு நம்பிக்கை இல்லை, அதையும் சொல்லிப்போட்டன். புதன்கிழமை சேவையர் வாறார், காசு பாதி பாதி.