ஹரிக்கேன் மாதிரியின் மூடிக்குள் வெண்படலம்: விமானியறையைக் காப்பாற்ற முடியுமா?

கொட்டாஞ்சேனைவாசி:

அனைவருக்கும் வணக்கம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, குதிரைப் பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த ஓடுபாதையிலிருந்து எழுந்த பிரித்தானிய விமானப்படையின் 258ஆம் படையணியைச் சேர்ந்த ஹரிக்கேன் போர் விமானங்களுள் ஒன்றை 1/72 அளவில் பிளாஸ்ரிக் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். விமானியறைக்கு மட்டும் மூன்று வாரங்கள் சென்றன. இருக்கைப் பட்டிகளைத் தேயிலைப் பொதியின் உட்தாளிலிருந்து வெட்டினேன். கட்டுப்பாட்டுத் தண்டின் உச்சியிலுள்ள வளையப் பிடியை மெல்லிய செப்புக் கம்பியை வளைத்துச் செய்தேன். கடந்த வியாழன் இரவு, வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்ததால் யன்னல்களைச் சாத்திவிட்டு, விமானியறையின் கண்ணாடி மூடியைச் சுப்பர் குளூவால் ஒட்டினேன். விடிந்து பார்த்தால் மூடியின் உட்புறம் முழுவதும் பால் தெளித்தாற்போல் வெளுத்திருக்கிறது; அதைவிட வேடிக்கை, இடது பக்கத்தில் என் பெருவிரல் ரேகை அச்சடித்ததுபோல் தெரிகிறது. வெளியிலிருந்து துடைத்துப் பயனில்லை. இதைச் சரிசெய்ய வழியுண்டா? மூடியை உடைத்து எடுக்க வேண்டியதுதான் என்றால், உள்ளே செய்த வேலை பிழைக்குமா?

பழைய பசைக்காரன்:

தம்பி, அந்த ரேகையே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. சுப்பர் குளூ காயும்போது எழும் ஆவி, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகி, அருகிலுள்ள பரப்பில் வெண்தூளாகப் படிகிறது. விரல் பட்ட இடத்தில் அது இன்னும் தடிப்பாகப் பிடிக்கும். குற்றப் புலனாய்வில் மறைந்த கைரேகைகளை வெளிக்கொணர்வதற்கு இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொழும்பின் மழைக்கால ஈரப்பதனில், மூடிய அறையில், அதிலும் ஆவி வெளியேற வழியற்ற ஒரு சிறு குமிழிக்குள் நீங்கள் அதை நிகழ்த்தியிருக்கிறீர்கள்.

மூடியைக் கழற்றாமல் உட்புறத்தைத் துலக்க முடியாது. ஆனால் உடைக்க வேண்டியதில்லை. மாதிரியைக் காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் இந்தப் பசை நொறுங்கும் தன்மை அடையும். அதன்பின் மெல்லிய கத்தி முனையை இணைப்பில் நுழைத்து, ஓரிடத்தில் நெம்பாமல் சுற்றிவரச் சிறிது சிறிதாக அழுத்தினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள அசற்றோன் பசையைக் கரைக்கும், அதற்கு முன்னர் மாதிரியின் பிளாஸ்ரிக்கான பொலிஸ்ரைரீனையும் கரைத்துவிடும்.

மூடி கையில் வந்ததும், படலம் இலேசானதாயின் மென்மையாகத் துடைத்துவிட்டு, அக்ரிலிக் வகையைச் சேர்ந்த நிறமற்ற தரை மெருகுத் திரவத்தில் தோய்த்தெடுங்கள். அது நுண்ணிய சொரசொரப்பை நிரப்பித் தெளிவை மீட்டுத் தரும். கடையில் தரை மெருகு என்று கேட்டால் சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பூசும் மெழுகைத் தூக்கிக் கொடுப்பார்கள், அது இதுவன்று. படலம் தடிப்பாயின், 2000ஆம் இலக்க மணற்கடுதாசியை நீரில் நனைத்துத் தேய்த்து, பற்பசையால் மெருகேற்றிய பின்னரே தோய்க்க வேண்டும். கீழ் விளிம்பில் தேங்கும் துளியை மென்கடுதாசியால் உறிஞ்சிவிட்டு, கவிழ்த்த கிண்ணத்தின் கீழ் இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள்.

இரத்மலானை இரசிகன்:

மேலே சொல்லப்பட்டவற்றோடு எனக்கு முரண்பாடில்லை. ஆயினும், மூடி கழன்று வரும் வாய்ப்பைப் பயன்படுத்தி அதைத் திறந்த நிலையில் வைக்கலாமா என்று யோசியுங்கள். மூடிய கண்ணாடிக்குள் 1/72 அளவில் கண்ணுக்கு எட்டுபவை இருக்கையின் மேற்பகுதி, தோட்பட்டிகள், குறிபார்க்கும் கருவி, கருவிப் பலகையின் மேல் விளிம்பு ஆகியவையே. எட்டுச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு கருவி முகம் இந்த அளவில் 1.1 மில்லிமீற்றர்தான், வலது பக்கத்தில் சில்லுகளையும் மடிப்பிறகுகளையும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி மடியும் தகடுகள்) இயக்கும் நெம்புகோலைச் செய்திருந்தால் அதை நீங்கள் மட்டுமே அறிவீர்கள்.

திறந்து வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹரிக்கேனின் மூடி பின்னோக்கி வழுக்கி உடலின் முதுகின் மேல் அமரும். மாதிரிப் பெட்டியில் வரும் மூடியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அது உண்மை விமானத்தில் 7 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட கண்ணாடிக்குச் சமம். ஆகவே அது முதுகின் மேல் சரியாக உட்காராமல் தொப்பிபோல் தூக்கி நிற்கும். வெற்றிட முறையில், அதாவது சூடாக்கிய பிளாஸ்ரிக் தாளை அச்சின் மேல் உறிஞ்சி இழுத்து, வார்த்த மெல்லிய மூடி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். முன் கண்ணாடி மட்டும் பெட்டியிலுள்ளதாக இருக்கட்டும்.

திறந்துவிட்டால் பிழைகளும் வெளியே தெரியும் என்பதால் இரண்டு விடயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்தின் மற்றொரு பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிற்ஃபயரின் செம்பழுப்பு நிறக் கலவைப்பொருள் இருக்கையைப் பார்த்துப் பலரும் ஹரிக்கேனுக்கும் அதே நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். இதனுடையது உலோக இருக்கை. அடுத்து, ஹரிக்கேனின் விமானியறைக்கு முழுமையான தளம் கிடையாது. விமானியின் குதிகால்களுக்கு இரண்டு தடங்கள் மட்டுமே இருந்தன, அவற்றின் கீழே குழாய்ச் சட்டங்களும் இருட்டும்தான். பெட்டியில் தட்டையான தளம் தந்திருந்தால், அந்தத் தடங்களுக்கு வெளியேயுள்ள பகுதியைக் கறுப்பாக்கிவிடுவது எளிய வழி.

கொட்டாஞ்சேனைவாசி:

இருவருக்கும் நன்றி. மீன் பொதிகளுக்கு நடுவே விமானத்தை வைத்ததற்காக அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஆனால் ஐந்து மணி நேரத்தின் பின் மூடி கழன்றது. கருவிப் பலகையும் பட்டிகளும் அப்படியே இருக்கின்றன. விமானியின் தலைக்குப் பின்னுள்ள தலையணைத் துண்டு மட்டும் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் மயிரிழைபோன்ற ஒரு வெடிப்பும் விழுந்திருக்கிறது. வெற்றிட வார்ப்பு மூடியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கப் பொறுமையில்லாததால், இதையே மூடிய நிலையில் வைக்க எண்ணுகிறேன்.

பழைய பசைக்காரன்:

வெடிப்புக்குள் பசை விடாதீர்கள். தோய்க்கும்போது மெருகுத் திரவம் தானாகவே அதற்குள் ஊறி ஓரளவு மறைத்துவிடும், கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் வர்ணத்துக்குக் கீழே விழும் பகுதி தெரியவே தெரியாது. சட்டங்களுக்கு முதலில் விமானியறையின் சாம்பற்பச்சையையும், அது காய்ந்தபின் வெளி நிறத்தையும் அடியுங்கள். அப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்க்கையில் சட்டத்தின் உட்புறம் சரியான நிறத்தில் தெரியும். தலையணையைச் சாதாரண பிளாஸ்ரிக் பசையால் ஒட்டி, ஒரு நாள் திறந்தே விடுங்கள். மூடியை இம்முறை மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்: காய்ந்தால் நிறமற்றுப் போகும், வழிந்ததை ஈரத் தூரிகையால் துடைக்கலாம், மீண்டும் கழற்ற வேண்டி வந்தாலும் அம்மாவின் மீன் பொதிகளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.